இரண்டு ரிங் கட்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள தம்பி மெல்ரோய்க்கு,

நீயும் உன் மனைவியும் பிள்ளையும் அங்கே நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று இன்று காலை மாதாவிடம் மன்றாடினேன். மன்றாடியது உண்மை. ஆனால் முழங்காலை ஊன்றி எழும்பும்போதே உன்மேல் இருந்த கோபமும் கூடவே எழும்பிவிட்டது. ஆகையால் சுகம் விசாரிப்பதை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அக்கா, இந்த வாரம் தவறவிட்ட அழைப்பு ஒன்றுகூட இல்லை. புதுச் சிஸ்டம் சரியாக வேலை செய்கிறது" என்று எழுதி, கீழே கை தட்டுகிற படங்களையும் வரிசையாகப் போட்டிருந்தாய். அதைப் பார்த்தபோது நான் எங்கள் எஞ்சின் கடையில் தனியே இருந்தேன். தனியே இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வாயில் வந்ததையெல்லாம் அப்பாவின் படம் மட்டும்தான் கேட்டது.

தவறவிட்ட அழைப்பு ஏன் இல்லை என்று தெரியுமா, தம்பி? அழைப்பே இல்லை. எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. பூட்டிக் கிடக்கிற கடையில் ஒரு வாடிக்கையாளரும் ஏமாறுவதில்லைத்தான். அதற்காகக் கை தட்டுவார்களா?

இதை வட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று நீ யோசிக்கலாம். நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மகளே எனக்குச் சொல்லிவிட்டாள். "மாமி, நீங்க கதைக்கிறது அப்பாவின்ர போனில அணில் கத்துற மாதிரிக் கேக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளையோடு சேர்ந்து நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை வேகமாக ஓட்ட ஏலாது. கமலேஸ்வரி ரீச்சர் தன் மகனைப் பார்க்க மெல்பேணுக்கு வருகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம் என்றும் அவவிடம் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கணக்குப் படிப்பித்தவ. அவவுக்கு முன்னால் பெருவிரல் படம் காட்டிவிட்டு நீ தப்ப முடியாது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன் சிஸ்டத்தை மாற்ற வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பெற்றோல் வரிசைக் காலத்தில், கடைப் போனைப் பார்க்கிற எங்கள் பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்து பஸ்மியாவும் கந்தளாயிலிருந்து கீர்த்தனியும் கடைக்கு வர வழியில்லாமல், கடைக்கு வருகிற கோல்களை வீட்டிலிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். பெற்றோல் வந்த பிறகும் அதுவே எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. பஸ்மியா படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் பார்க்கிறாள், கோலும் எடுக்கிறாள். கீர்த்தனிக்குச் சின்னப் பிள்ளைகள். ஆனால் கடை லைனை அவர்களுடைய கைப்போனுக்கு மாற்றிவிட்டால், ஒருத்தி கதைத்துக்கொண்டிருக்கும்போது வருகிற கோல் அப்படியே அறுந்துபோகும். மழை பெய்தால் ஓர்ஸ் ஹில் போன் வயர் இரையத் தொடங்கிவிடும். இதையெல்லாம் உன்னிடம் முறைப்பட்டதே நான்தான். நீ இன்ரநெற் மூலம், யாருக்கு ஓய்வோ அவளுக்குக் கோல் போகிற மாதிரிச் செய்து தருகிறேன் என்றாய். சந்தோசப்பட்டேன். என் தம்பி மெல்பேணில் இருந்துகொண்டு கடையைப் பார்க்கிறான் என்று பங்குத்தந்தை வரைக்கும் சொல்லித் திரிந்தேன். இப்போது அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறேன்.

நீ என்ன செய்தாய்? ஒருவரையும் கேட்காமல், எங்கள் நம்பருக்கு ஒரு பெண்ணின் குரலைப் பூட்டிவிட்டாய். போன் ஒருதரம் அடிக்க முதலே அது எடுத்துவிடும். "வணக்கம். தங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது. தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்." பிறகு சிங்களத்துக்கு இரண்டு. ஆங்கிலத்துக்கு மூன்று. பிறகு படகு எஞ்சினா, தண்ணீர் இறைக்கிற மோட்டரா, அதற்கும் ஒன்று இரண்டு. "ஒரு ரிங்கும் போகாமல் எடுக்குது அக்கா, இஞ்ச பெரிய கொம்பனியளிலயும் இப்பிடி இல்லை" என்று நீ பெருமைப்பட்டாய். அந்தப் பெருமைதான் எங்களைக் கொண்டுபோய் இந்த நிலையில் விட்டிருக்கிறது.

கடலுக்குப் போகிற எங்கள் ஆட்கள் எங்களுக்கு எப்படிக் கோல் எடுப்பார்கள் என்று யேசுரட்ணத்தின் மகனுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? மறந்துவிட்டாய் என்றால் கேள். ஒருதரம் அடித்துக் கட் பண்ணினால், கரைக்கு வந்துவிட்டேன், பயப்பட வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணினால், எஞ்சின் நின்றுவிட்டது, திருப்பி எடு. கைப்போன் வந்த நாளிலிருந்து அப்பா வைத்த வழக்கம் அது. கடலுக்குப் போகிறவன் போனில் காசு நிரப்பிக்கொண்டு போவதில்லை. போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு போகிறவன் அவன். பைக்கு மேலால் ஒரு பொத்தானை அழுத்துவான். நாங்கள் திருப்பி எடுக்கும்போதுதான் பையை அவிழ்ப்பான். புல்மோட்டையிலிருந்து மூதூர் வரைக்கும் எங்கள் கடையை நம்பிப் போகிற ஒவ்வொருவனுக்கும் இது தெரியும். நீயே பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் போனுக்குப் பக்கத்தில் இருந்து, ரிங் கட் வந்த நம்பர்களுக்குத் திருப்பி எடுத்தவன்.

ரிங் போனால்தானே கட் பண்ணலாம்? உன்னுடைய மெஷின் ரிங் போக முதலே எடுத்துவிடுகிறது. அதோடு அவனுடைய காசும் ஓடத் தொடங்குகிறது. கட் பண்ணினவனுடைய நம்பர் பஸ்மியாவிடமும் போகாது, கீர்த்தனியிடமும் போகாது. மெஷினோடு நின்றுவிடும்.

இதை நான் உனக்குச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதே. சிஸ்டம் தொடங்கிய அன்றே குரல் பதிவு அனுப்பினேன். ஓம், அதில் முதலில் கோயில் திருநாளைப் பற்றிச் சொன்னேன், கூரை ஒழுகுவதைச் சொன்னேன், என் முழங்கால் நோவைச் சொன்னேன். ரிங் கட் விஷயம் கடைசியில்தான் வந்தது. நாங்கள் கதைக்கிற முறை அதுதானே? வந்ததும் வராததுமாக விஷயத்தைத் தூக்கிப் போடுகிற குடும்பமா நாங்கள்? நீ பாதியில் நிறுத்திவிட்டுப் பெருவிரலைப் போட்டாய். அந்தப் பெருவிரலைக் கண்டு, விளங்கிக்கொண்டாய் என்று நான் நம்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் கொம்பியூட்டர் கொடுத்த றிப்போட்டைப் பார்த்தாய். ஆட்கள் எடுத்து எடுத்து இடையில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அதில் இருந்தது. பகலில் கடமையில் இருந்தவள் பஸ்மியா, ஆகவே பிழை பஸ்மியாவுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவளிடம் கேட்டாயா? ஆங்கிலத்தில் ஒரு செய்தி எழுதி அவளுக்கு அனுப்பிவிட்டு, அந்த நிமிடமே அவளுடைய லைனையும் வெட்டிவிட்டாய். அவள் அதைப் போனிலேயே தமிழாக்கிப் பார்த்தாளாம். "எங்களுடன் உங்கள் பயணத்திற்கு நன்றி. உங்கள் சேவைகள் இனித் தேவைப்படாது" என்று வந்ததாம். பயணம்! அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவள். அப்பாவின் செத்தவீட்டில் எங்கள் குசினியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றியவள். அவளுக்கு நீ எழுதுகிற மொழியா அது?

பஸ்மியா பெரிய புனிதவதி என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கு வாய் கூட. கந்தளாயில் ஒரு வயல்காரர் மோட்டரை எப்போது வந்து பொருத்துவீர்கள் என்று மூன்றாம் தரமும் விசாரித்தபோது, "நீங்களே வந்து பூட்டுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தவள். நோன்பு நாளில் பின்னேரமாகிவிட்டால் அவளோடு கதைக்க எனக்கே பயம். அவளை ஏசுகிற உரிமை எனக்கு இருக்கிறது, நானும் ஏசியிருக்கிறேன். ஆனால் கோல் எடுக்காமல் விட்டாள் என்று அவளைச் சொன்னால், சொல்பவனுக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

இனிக் கிண்ணியாப் படகுக்காரர் ஸெய்னுதீன் நானாவின் கதைக்கு வருகிறேன். இதைக் குரல் பதிவில் சொன்னபோது, மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கேட்கிறேன் என்று எழுதினாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. ஆகவே முழுவதையும் வாசி.

நீ பஸ்மியாவின் லைனை வெட்டிய அன்று நான் கொழும்பில், புறக்கோட்டையில் சாமான் எடுத்துக்கொண்டு நின்றேன். கந்தளாயில் கரண்ட் இல்லை. கீர்த்தனியின் வீட்டு றவுட்டர் செத்துக் கிடந்தது. ஆனால் உன் சிஸ்டம் அவள் கடமையில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆகமொத்தம் அன்று எங்கள் கடையில் வேலைக்கு நின்றது உன்னுடைய மெஷின் மட்டும்தான்.

மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். எஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, வெளியேதான் போகும். இது திருகோணமலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஸெய்னுதீன் நானாவும் அவருடைய மருமகன் முனீபும் கொட்டியாரக் குடாவைத் தாண்டி நின்றபோது எஞ்சின் நின்றுவிட்டது. நானா வழக்கப்படி இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணினார். கட் பண்ண முதலே மெஷின் எடுத்துவிட்டது. திருப்பி எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். மறுபடியும் மெஷின். ஒவ்வொரு தரமும் அவருடைய போனில் கிடந்த கொஞ்சக் காசையும் உன் வணக்கம் தின்றுகொண்டே இருந்தது. கடைசியில் வேறு ஒருவரைக் கூப்பிடக்கூடக் காசில்லை. பிறகு பற்றறியும் போய்விட்டது. கரை மறைகிறவரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம்.

மத்தியானமாகியும் கரைக்கு வந்ததற்கான ரிங் கட் வரவில்லை என்று அவருடைய மனைவி அசனா எங்கள் நம்பருக்கு எடுத்திருக்கிறா. மெஷின் வணக்கம் சொன்னதும், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை என்று நினைத்து அவ கதைக்கத் தொடங்கிவிட்டா. "மகள், என்ட மனிசன் காலையில போனவர், இன்னும் வரல்ல. எஞ்சின் ஏதும் நின்டுட்டோ தெரியா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மகள்" என்று கேட்டாவாம். மெஷின் ஒன்றை அழுத்தச் சொன்னது. அவ மறுபடியும் முதலில் இருந்து சொன்னா. மெஷினும் மறுபடியும் முதலில் இருந்து சொன்னது. "எத்தின தரம் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு ஏன் இரக்கம் வரல்ல?" என்று பிறகு என்னிடம் கேட்டா. அது பிள்ளை இல்லை, என் தம்பி வைத்த மெஷின் என்று சொன்னேன். அவவுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது.

பிறகு அசனா செய்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. போனை வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கிற பஸ்மியாவின் வீட்டுக்கு ஓடினா. பஸ்மியா உன்னுடைய நன்றிச் செய்தியைத் தமிழாக்கிப் பார்த்துவிட்டு, சமைக்காமல் படுத்துக் கிடந்திருக்கிறாள். அசனா சொன்னதைக் கேட்டதும் எழும்பி, தன் சொந்தப் போனை எடுத்தாள். எங்கள் மெக்கானிக் றுவைஸை எடுத்து, உட்துறைமுகத்தில் நின்ற படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெளிக்கிடச் சொன்னாள். தனக்குத் தெரிந்த படகுக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொருவராக எடுத்தாள். மாமியார் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டபோது, அசனாவையே கொடுக்கச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தாளாம். புல்மோட்டைப் படகு ஒன்று ஆழ்கடலில் நின்றது. அவர்கள்தான் தேடிப் போய், இருட்ட முதல் கண்டு, கட்டி இழுத்து வந்தார்கள். முனீப் வெயிலில் மயங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தான். இப்போது சுகம். கடவுளுக்குத் தோத்திரம்.

இரண்டு உயிர், மெல்ரோய். உன் றிப்போட்டில் அது எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார். வாடிக்கையாளர் தாமாகவே அழைப்பைத் துண்டித்தார் என்றுதானே இருக்கும்?

நான் கொழும்பிலிருந்து வந்த அடுத்த நாள் ஸெய்னுதீன் நானா கடைக்கு வந்தார். திருத்தக் கொடுத்திருந்த அவருடைய மற்ற எஞ்சினைத் திருப்பிக் கேட்டார். வேலை முடியவில்லை என்றேன். பரவாயில்லை என்று தூக்கி ஓட்டோவில் வைத்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போகும்போது, "தங்கச்சி, உங்கட கடையில இப்ப ஆக்கள் இல்ல போல" என்று மட்டும் சொன்னார். அப்பாவின் காலத்திலிருந்து எங்களோடு இருந்த மனிதர். வெளியே பலகையில் "யேசுரட்ணம் அன்ட் சன்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தச் சன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

போன புதன்கிழமை பஸ் ஏறி, பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். பஸ்மியாவைக் கையோடு திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். இஞ்சி போட்டுப் பிளேன்ரீ தந்தாள். என் முழங்காலை விசாரித்தாள். எங்கள் வீட்டுக் கூரையை விசாரித்தாள். உன் மகளையும் விசாரித்தாள். உன்னை மட்டும் விசாரிக்கவில்லை. அப்போது மேசையில் கிடந்த அவளுடைய போன் ஒருதரம் அடித்து நின்றது. உடனே இன்னொரு தரம் அடித்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். எங்கே நிற்கிறீர்கள், எஞ்சின் என்ன சத்தம் போட்டது, நங்கூரம் போட்டீர்களா என்று அவள் கேட்பது உள்ளே எனக்குக் கேட்டது. பிறகு றுவைஸுக்கு எடுத்து விவரம் சொன்னாள்.

இப்போது விளங்குகிறதா, உன்னுடைய றிப்போட் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று? கரையோரம் முழுவதும் இப்போது பஸ்மியாவின் சொந்த நம்பருக்குத்தான் ரிங் கட் கொடுக்கிறது. நீ வேலையை விட்டு நிறுத்தியவள், தன் போனில் தன் காசில் ரீலோட் போட்டு, எங்கள் கடை வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். றுவைஸும் எனக்குத் தெரியாமல் போய் எஞ்சின் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எனக்குச் சொன்னால் அதை நான் உனக்குச் சொல்வேன், நீ அவனையும் பயணம் அனுப்பிவிடுவாய் என்று பயந்தானாம்.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று பஸ்மியாவிடம் கேட்டேன். "என்னை நிப்பாட்டினது உங்கட தம்பி. கடல்ல நிக்கிறவன் எனக்கு என்ன செஞ்சான்?" என்றாள்.

வேலைக்குத் திரும்பி வா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "திரேசக்கா, உங்களுக்காக வாறதெண்டா இப்பவே வருவன். ஆனா நிப்பாட்டினது நீங்க இல்லையே. மெசின் மாதிரி என்னை நிப்பாட்டினவர், ஒருக்கா மனிசன் மாதிரி கூப்பிடட்டும்" என்றாள். அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்க விடவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை வந்து ஏற்றிவிட்டாள்.

இனி சிஸ்டத்தைப் பற்றி. அதைத் தூக்கி உட்துறைமுகத்தில் எறியத்தான் எனக்கு ஆசை. ஆனால் திரும்பவும் பழைய இரைச்சல் வயருக்குப் போக நான் முட்டாள் இல்லை. டவுனில் போன் கடை வைத்திருக்கிற திலக்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிழை சாமானில் இல்லை, அமைத்த விதத்தில்தான் இருக்கிறது என்று அந்தப் பெடியன் சொன்னான். ஆனால் கையை வைக்க ஏலாதாம். கடவுச்சொல் உன்னிடம் மட்டும் இருக்கிறது. என் கடைப் போனைத் திருத்த எனக்கு மெல்பேணில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் குரலை எடுத்துவிடு. போன் நன்றாக அடிக்கட்டும். ஒருவரும் எடுக்காவிட்டால் மட்டும் ஏதாவது சொல்லட்டும், அதுவும் சுருக்கமாக. அடித்துக் கட் பண்ணுகிற நம்பர் அந்தக் கணமே பஸ்மியா, கீர்த்தனி இரண்டு பேருடைய போனிலும் தெரிய வேண்டும். இன்ரநெற் செத்தால் கோல் தானாகவே சாதாரணக் கைப்போனுக்குப் போக வேண்டும், அதற்கும் பதில் இல்லாவிட்டால் என்னுடைய போனுக்கு. கீர்த்தனியின் லைன் செத்தால் அவள் இருக்கிறாள் என்று பொய் சொல்லாமல், இல்லை என்று சிஸ்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனாலும் றவுட்டர் ஓடுவதற்கு இரண்டு வீட்டுக்கும் பற்றறிப் பெட்டி நான் வாங்கிவிட்டேன். கிண்ணியாவில் ஒரு கொம்பனியின் சிக்னல் விழுந்தாலும் மற்றது வேலை செய்கிறது, ஆகவே இரண்டு கொம்பனி சிம்மும் எடுத்துவிட்டேன். இதெல்லாம் என்னால் முடிந்தது, செய்தேன். கடவுச்சொல்லைத் திலக்சனுக்கு அனுப்பு. அல்லது நீயே இருந்து செய். செய்துவிட்டு, ஒருதரம் நீயே கூப்பிட்டு, அடித்துக் கட் பண்ணிப் பார். படகில் நிற்கிறவனாக உன்னை நினைத்துக்கொண்டு பார்.

ஆனால் பற்றறியும் சிம்மும் போட்டு எல்லாம் சரிவந்தாலும், அந்தப் பக்கத்தில் பஸ்மியா இல்லாவிட்டால் யாருக்காக அந்தப் போன் அடிக்கப் போகிறது? கரையோரம் நம்பியது நம்பரை இல்லை. நம்பரைக் கண்டதும் திருப்பி எடுக்கிற ஆளை. அந்த ஆளை நீ வெட்டினாய், நீதான் திருப்பிக் கூப்பிட வேண்டும். இதை என் தலையில் கட்டாதே. அப்பாவுக்குப் பிறகு இந்தக் கடையில் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டாய். நான் முறைப்பட்டதில்லை. இதை மட்டும் கட்ட விடமாட்டேன்.

உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நீ மெல்பேணுக்குப் போன முதல் குளிர்காலம். காய்ச்சலில் அறைக்குள் தனியே கிடந்தாய். அங்கே ஒருவரையும் தெரியாது, போனில் கதைக்கப் போதிய காசும் இல்லை. யாருக்கு எடுத்தாய்? கடை நம்பருக்கு இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணினாய். கடலில் நிற்கிறவன் மாதிரி. நாங்கள் எல்லாரும் திருநாள் பூசையில் இருந்தோம். கடையில் பஸ்மியா மட்டும்தான் நின்றாள். வெளிநாட்டு நம்பரைக் கண்டதும் ஓடிப்போய்ப் போன் காட் வாங்கிக்கொண்டு வந்து, உனக்குத் திருப்பி எடுத்தாள். நாங்கள் வரும்வரை வைக்காமல் கதைத்துக்கொண்டே இருந்தாள். என்ன கதைத்தாய் என்று அம்மா கேட்டபோது, "தம்பி அழுதார், அதான் வைக்கல்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லிக் காட்டியிருக்க மாட்டாள்.

அவளுக்கு நீ நீண்ட செய்தி ஒன்றும் எழுத வேண்டாம். மன்னிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதி, அவள் அதைத் தமிழாக்கிப் படிக்க வேண்டாம். அவளுடைய நம்பருக்கு இரண்டு தரம் அடித்துக் கட் பண்ணு. அவ்வளவுதான். அவள் திருப்பி எடுப்பாள். யார் நின்றாலும் எடுப்பாள், நீ நின்றாலும் எடுப்பாள். எடுத்து நல்லாய் ஏசுவாள். அவள் முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காதே. அவளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட உன்னால் ஏலாது.

கமலேஸ்வரி ரீச்சர் இரவில்தான் உன் வீட்டுக்கு வருவா. இதை உன் கையில் தருகிற நேரம் இங்கே பின்னேரமாக இருக்கும். பஸ்மியா மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பாள். நல்ல நேரம் அது.

உன் குடும்பத்தை மாதா தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். பிள்ளைக்கு என் முத்தம். பஸ்மியாவோடு கதைத்து முடிந்த பிறகு, எனக்கும் ஒருக்கா அடித்துக் கட் பண்ணு, தம்பி. கரைக்கு வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்ளத்தான். நீ கடைசியாக எப்போது அப்படி அடித்தாய் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு தரம் அடித்தாலும் பயப்பட மாட்டேன். கோபத்தோடுதான் திருப்பி எடுப்பேன், ஆனால் எடுப்பேன்.

உன்னை ஏசவும் உனக்காக மன்றாடவும் இன்னும் தெம்புள்ள அக்கா,
திரேசம்மா